நாற்பத்தைந்து விநாடி மூச்சு

"குழாயை அழுத்திக் கடிக்காதீங்கண்ணா, லேசாக் கவ்வுனாப் போதுமுங்க" என்றாள் சுதாராணி.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற சதீஷ் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே முகத்தை அமிழ்த்தியதும் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்து, இருமித் தள்ளிவிட்டார். நாற்பது வயதில் இப்படியும் ஒரு மாணவர்!

இவரை வைத்துத்தான் இன்று அவளுக்குப் பரீட்சை. கடலுக்கடியில் நீந்தக் கற்றுத்தரும் ஸ்கூபா நிறுவனத்தின் கடிதம் தெளிவாகவே சொல்லியிருந்தது. ஏற்காடு ரிசார்ட் குளத்தில் ஒரு மணி நேரம். நிறுவனமே அனுப்பும் புதியவர் ஒருவருக்குக் குழாய் வழியாக மூச்சு விடவும், தண்ணீருக்கடியில் நாற்பத்தைந்து விநாடி மூச்சடக்கவும் சொல்லித்தர வேண்டும். தேர்வாளர் வந்து பார்ப்பார். தேறினால் பயிற்சியாளர் லைசென்ஸ். இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

கரையில் குடைக்கடியில் நோட்டும் பேனாவுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மலைக்கிராமமான வாழவந்தியில் எஸ்டேட் வேலைக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு, நோட்டு வைத்திருப்பவர் யாரென்று சொல்லியா தர வேண்டும்? அங்கே கூலிக் கணக்கு நோட்டில் ரைட்டர் எழுதியதுதான் தீர்ப்பு. வந்ததுமே அவருக்கு ஒரு வணக்கம் வைத்தாள். அவரும் பதிலுக்கு வைத்தார்.

'மலை மேல உக்காந்துட்டுக் கடலுக்குப் பாடமா?' என்று ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் சிரித்தவர்கள் முன்னால் லைசென்ஸோடு ஒருமுறை நடந்துவிட வேண்டும். அந்த ஆசை அவளுக்கு நெஞ்சு முட்ட இருந்தது.

குழாயில் புகுந்த தண்ணீரை ஊதித் தள்ள சதீஷ் ஒருவழியாகக் கற்றுக்கொண்டார். மூச்சடக்குவதுதான் முப்பது விநாடியைத் தாண்டவில்லை. குடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஐந்தே நிமிடம்.

சதீஷ் திடீரென்று புஸ் புஸ்ஸென்று மூச்சை வேகமாக இழுத்து விட ஆரம்பித்தார். இப்படி இருபது தடவை செய்துவிட்டு மூழ்கினால் ஒரு நிமிடம்கூடத் தாங்கும் என்று யாரோ நண்பர் சொன்னாராம்.

உண்மைதான், தாங்கும். கண்டும் காணாமல் இருந்தால் லைசென்ஸ் கையில். சுதாராணி அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்படிப் பண்ணாதீங்கண்ணா. மூச்சு முட்டறதே தெரியாது, தண்ணிக்குள்ளயே மயங்கிருவீங்க. முப்பதே போதும், மேல வாங்க."

"அப்ப உங்க பரீட்சைங்க?"

"போனாப் போகுதுங்க. உங்களை நல்லபடியா ஊட்டுக்கு அனுப்பறதுதானுங்க என்னோட வேலை."

சொன்ன பிறகு அவளுக்குத் தன்னை நினைத்தே பெருமையாக இருந்தது. கண் கலங்கினாலும் நிமிர்ந்தே கரையேறினாள். நேரே குடைக்காரரிடம் போய், தன்னை ஃபெயில் என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

அவர் திருதிருவென்று விழித்தார். "நான் குளத்துக்கு மருந்து போட்டு நோட்டுல எழுதறவனுங்க. நீங்க எப்ப மேல ஏறுவீங்கன்னு காத்துட்டிருக்கறனுங்க."

அவள் திகைத்துத் திரும்பினாள். சதீஷ் குளத்தின் அடியோடு அந்தக் கோடி வரை ஒரே மூச்சில் போய்த் திரும்பி, அவள் காலடியில் எழுந்தார். அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை.

"அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க" என்று மருந்துக்காரரிடம் கை நீட்டினார். "இவங்க லைசென்ஸ்ல நான் கையெழுத்துப் போடோணும்."