வாடகைச் சான்றில் ஒரு கையெழுத்து

விஸ்கான்சினில் பிப்ரவரி மாதத்து மத்தியானம். வெயில் அடிக்கிறது, சூடுதான் இல்லை. கீழ்வீட்டு வாசலில், மாடியில் குடியிருக்கும் லோரெட்டா நிற்கிறாள். அவள் பூட்ஸிலிருந்து உருகும் பனி மிதியடியில் கறுப்பாகப் பரவுகிறது. அவள் நீட்டிய வாடகைச் சான்றை வீட்டுக்காரர் வெர்லின் நின்றபடியே படிக்கிறார். அதில் அவர் கையெழுத்துப் போட்டால் மாநில வருமான வரியில் அவளுக்குச் சலுகைப் பணம் வரும். "இதை நிறையப் பேர் மறந்துடறாங்க" என்று சொல்லித்தான் நூலகத்தில் வரிப் படிவம் நிரப்பித் தரும் பெண் கொடுத்தனுப்பினாள். வெர்லின் பேனாவின் மூடியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார். உள்ளே வெண்ணெயில் மீன் பொரிகிற சத்தம். "ஒம்பது வருஷத்துல ஒரு தடவ வாடகைய ஏத்தியிருப்பேனா?" "இல்லீங்க." "நீ ரசீது கேட்டிருக்கியா?" "இல்லீங்க." "இப்ப நான் எவ்வளவு வாங்கறேன்னு கவர்மெண்டுக்கு எழுதிக் குடுக்கணுமாக்கும்." குரல் உயரவே இல்லை. அவர் பார்வை தாளை விட்டு மாடிப்படி ஏறி, அவள் வீட்டுக் கதவில் போய் நிற்கிறது. "மாடி காலியாகுமான்னு போன வாரம்கூட ரெண்டு பேர் வந்து கேட்டாங்கம்மா," என்று சிரிக்கிறார். பேனா முனை தாளைத் தொடுகிறது. "குடுங்க சார், ஒண்ணும் அவசரமில்ல." அவள் விரல்கள் தாளை மெல்ல இழுத்துக்கொள்கின்றன. அவரும் விட்டுவிடுகிறார். படியேறும்போது அதை நாலாக மடித்துக் கையுறைக்குள் திணிக்கிறாள். நூலகத்தில் கேட்டால், மறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.