ஐஸ் கம்பெனிக் கை

காய்ச்சலைக் கிளப்பும் செய்தியை உடம்பில் வாங்கிக்கொள்ள ஒரு புரதம் உண்டு. அதன் நகலைத்தான் எங்கள் ஆய்வகத்தில் தயாரிக்கிறோம். வருடம் ஒருமுறை அதை ஊசியாகப் போட்டுக்கொண்டால் போதும், செய்தி அசலுக்குப் போகாமல் நகலோடு நின்றுவிடும். தூத்துக்குடியில் இப்போது யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை.

என் தம்பி பெனிட்டோவுக்கு வந்திருந்தது. இந்த வருட ஊசியை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறான். ஐஸ் பெட்டிக்குள் அந்த மருந்துக் குப்பி ஒன்றை வைத்து, மடியில் பிடித்தபடியே ஆட்டோவில் போய் இறங்கினேன்.

“ஏல, நாப்பது வயசுல என்ன கிறுக்குத்தனம் இது?” என்று நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.

“கைய எடுக்காதக்கா,” என்றான். “சின்னப்புள்ளையில எனக்குக் காய்ச்சல்னா அம்மா ஐஸ் கம்பெனி வேலையப் பாதியில போட்டுட்டு ஓடியாருவா. இப்படித்தான் நெத்தியில கை வைப்பா.”

மீனுக்கு ஐஸ் உடைத்தே எங்களை வளர்த்தவள். போன மாதம்தான் அவளை அடக்கம் செய்தோம்.

அவனைத் திட்டத்தான் வந்திருந்தேன். பெட்டியைத் திறக்காமல் கட்டிலில் உட்கார்ந்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு என் கையை இன்னும் அழுத்திப் பிடித்தான்.

“அதே ஜில்லுதான்க்கா. மீன் வாடதான் இல்ல.”