சார்ஜ் ஏறாத போன்

ரைகான் தன் போனைக் கேட்டது இது மூன்றாவது தடவை.

"இன்னும் சார்ஜ் ஏறலக்கா. ஏறட்டும், தர்றேன்," என்றான் அந்த ஆள்.

ஏறுவதற்கு அது சுவரில் அல்லவா மாட்டியிருக்க வேண்டும்? அவன் கோட்டுப் பைக்குள் அல்லவா இருந்தது!

ஊர் புதுசு, துணைக்கு ஆள் இல்லை. ஓஷ் நகருக்குப் போகும் விமானத்தையும் விட்டாகிவிட்டது.

விட்டது அவளுடைய சொந்தக் கைங்கரியம். அஸ்தானாவிலிருந்து எல்லை தாண்டி பிஷ்கேக் விமான நிலையத்தில் வந்து இறங்கியவள், நேரம்தான் இருக்கிறதே என்று நிதானமாக டீ குடித்தாள். கைக்கடிகாரம் அஸ்தானா நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். அஸ்தானாக்காரர்கள் சமீபத்தில்தான் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தார்கள். அது அவளுக்கு உறைத்தபோது விமானம் கிளம்பிப் போயிருந்தது.

ஓஷ் ஆஸ்பத்திரியில் அவளுடைய அக்கா நெசிபெலிக்கு நாளைக்கு இருதய ஆபரேஷன். "தங்கச்சி முகத்தைப் பார்க்காம கத்தி வைக்க விடமாட்டேன்" என்று டாக்டரிடமே சண்டை போட்டவள். அடுத்த விமானம் நாலு மணிக்கு. அதையாவது பிடித்தாக வேண்டும்.

அக்கா மகன் மக்ஸத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். "சரி சித்தி, அங்கயே இருங்க," என்று சட்டென்று வைத்துவிட்டான். அவனுக்கும் கோபம் போலிருக்கிறது.

முக்கால் மணி நேரத்தில் இந்த ஆள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நாற்பது வயதிருக்கும், பெயர் சகின்பெக் என்றான். சிரித்த முகம். "போன்ல சார்ஜ் கம்மியா இருக்கு பாருங்க, குடுங்கக்கா, போட்டுத் தர்றேன்" என்றதும் இவளும் குழந்தை மாதிரி எடுத்து நீட்டிவிட்டாள்.

"நானும் அதே விமானத்தை விட்டுட்டேன்கா. காலையிலேர்ந்து இங்கயேதான் கிடக்கேன்," என்றான்.

காலையிலிருந்து கிடப்பவன் பூட்ஸில் பனி உருகிக்கொண்டிருந்தது. ஓஷுக்குப் போகிறவன் கையில் ஒரு பைகூட இல்லை.

"ரைகான் அக்கா, சூடா இருக்கு, சாப்பிடுங்க," என்று டீயையும் பொரித்த ரொட்டியையும் அவள் முன்னால் நகர்த்தினான்.

"என் பேர் உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் கொஞ்சம் திணறினான். "பாஸ்போர்ட்ல பார்த்தேன்."

பாஸ்போர்ட் கைப்பையின் அடியில், சால்வைக்குக் கீழே பத்திரமாக இருந்தது. டீயில் என்ன கலந்திருக்கிறானோ என்று அவள் கோப்பையைத் தொடவே இல்லை.

"உங்க டிக்கெட்டையும் நானே மாத்திட்டேன். உங்க பக்கத்து சீட்டுதான் எனக்கு."

"உன்னை யாருய்யா மாத்தச் சொன்னது?"

"உதவிதானேக்கா."

அவனுடைய போன் அடித்தது. தூணுக்குப் பின்னால் போய், வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினான்; ஆனாலும் அவள் காதில் விழுந்தது. "இல்ல, இன்னும் தெரியாது... என்கூடத்தான் இருக்காங்க... போன் என்கிட்ட இருக்கு."

இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? ரைகான் எழுந்தாள். உள்ள பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"திருடன்! போலீஸ்! என் போனைத் திருடிட்டான்!"

கூட்டம் கூடிவிட்டது. "பார்க்க நல்லவன் மாதிரி இருக்கான்!" என்றார் ஒருவர். "அப்படிப்பட்டவனுங்கதான் மோசம்," என்றாள் இன்னொருத்தி. போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"போனை எடுய்யா."

சகின்பெக் எடுத்தான். அவளிடம் கொடுக்காமல் போலீஸ்காரர் கையில் வைத்தான். "சார், ஒரே நிமிஷம். கொஞ்சம் தள்ளி வாங்க."

"லஞ்சம் குடுக்கப் போறான், விடாதீங்க!" என்றாள் ரைகான்.

பத்தடி தள்ளி நின்று இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். பிடித்து இழுத்துக்கொண்டு போவார் என்று அவள் பார்த்துக்கொண்டிருக்க, போலீஸ்காரர் போனைத் திரும்ப அவனிடமே கொடுத்தார்.

அடப்பாவி! இவனும் கூட்டாளியா?

போலீஸ்காரர் கூட்டத்தைக் கலைத்தார். தொப்பியைக் கழற்றினார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார்ஜ் இல்லைங்கக்கா," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "ஏறினதும் தருவார். நீங்க ஒரு வாய் டீ குடிங்க."

சகின்பெக் அவளுக்கு இன்னொரு பக்கம் வந்து உட்கார்ந்தான். ஆளுக்கு ஒரு பக்கம்.

ரைகான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அஸ்தானாவில் அடுத்த வீட்டுக்காரியின் மகன் லாரி விபத்தில் போனபோது, அவளுடைய போனை ஒளித்துவைத்துவிட்டு, இதேபோல் ஒட்டி உட்கார்ந்து, இதேபோல் டீ ஊற்றிக் கொடுத்தவள் ரைகான்தான். அவர்கள் வழக்கப்படி, சாவுச் செய்தியைத் தனியாக இருக்கிறவர் காதில் போடக்கூடாது. சொந்தபந்தம் சுற்றி உட்கார்ந்த பிறகு, வயதில் மூத்தவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம்.

மக்ஸத் ஏன் அப்படிச் சட்டென்று போனை வைத்தான், இந்த ஆளை அனுப்பியது யார் என்பதெல்லாம் இப்போது விளங்கியது. அக்கா காத்திருக்கவில்லை.

அவள் திரும்பி சகின்பெக்கைப் பார்த்தாள். அவள் எங்கே கேட்டுவிடுவாளோ, தன் வாயால் சொல்ல வேண்டி வந்துவிடுமோ என்று அவன் பயந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

ரைகான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறிப்போன டீயைக் கையில் எடுத்தாள்.

"போன் மெதுவாவே சார்ஜ் ஏறட்டும் தம்பி," என்றாள். "ஓஷ் போய்ச் சேர்ந்தப்புறம் வாங்கிக்கிறேன்."