பதினெட்டு அட்டைப்பெட்டிகள்

கிளப்பின் அறிவிப்பு வெளிவர இன்னும் ஒன்பது மணி நேரம் இருந்தது. அதுவரை யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. சிஹாரு பதினெட்டு அட்டைப்பெட்டிகளையும் மடித்துக் கட்டி, பழைய காகிதம் எடுக்கும் தெருமுனையில் கொண்டுபோய் வைத்தாள்.

கணவன் தகுமா அந்தக் கிளப்பின் கூடைப்பந்து ஆட்டக்காரன். ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம்தான். ஐந்து வருடத்தில் நான்கு ஊர். வீடு மாறும்போது சாமான் கட்டும் அந்தப் பெட்டிகளை எந்த ஊரிலும் அவள் தூக்கிப் போட்டதில்லை.

எதிர்வீட்டு குவபாரா அக்காவுக்கும் அது தெரியும்.

"அடியே, பெட்டியெல்லாம் வெளிய வந்துடுச்சே! அப்ப உன் வீட்டுக்காரருக்கு இன்னொரு வருஷம் குடுத்துட்டாங்க!"

"அஞ்சு மணிக்கு மேல கேளுங்கக்கா."

"உன் மூஞ்சியே சொல்லுதே! இந்த வருஷமாவது ஃப்ரீ த்ரோவ ஒழுங்காப் போடச் சொல்லு. கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு."

சிஹாரு சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு அழைப்பு மணி அடித்தது. கையில் போனுடன் நின்ற குவபாரா அக்காவின் கண்கள் கலங்கியிருந்தன.

"ஒப்பந்தம் முடிஞ்சதுன்னு போட்டிருக்காங்கடி. அவசரப்பட்டுப் பெட்டியையும் போட்டுட்டியே! இரு, சூப்பர் மார்க்கெட்ல கேட்டு வாங்கித் தர்றேன்."

"பெட்டி வேண்டாங்கக்கா."

மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்ததை சிஹாரு முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

"அவரேதான் விளையாடினது போதும்னுட்டார். ஆகஸ்ட்லேருந்து நம்ம ஊர் ஸ்கூல்ல கோச். நாங்க இனிமே எங்கயும் போகலைக்கா."