பூட்டிய அறைக்கு முன்னால் மாவு

விரல் நுனியில் மாவை எடுத்து, பூட்டியிருந்த அறைக்கு முன்னால் மெல்லத் தூவினாள்.

கோலமாவு அல்ல. அது பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். இது சலித்த பச்சரிசி மாவு. வெள்ளை மொசைக் தரையில் இருப்பதே தெரியாது. குனிந்து, பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும்.

யார் குனியப் போகிறார்கள்?

வாடகைக்கு விடப்போகிற வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நாளைக் காலை அவளுக்கு ரயில். இன்றைக்குள் ஆள் அமையாவிட்டால் பாளையங்கோட்டை வீட்டை விற்றுவிடலாம் என்று புனேயில் இருக்கும் மகன் முடிவாகச் சொல்லிவிட்டான்.

மூன்று பேரை வரச் சொல்லியிருந்தாள். வருவதற்கு முன்பே மூவர் மீதும் சந்தேகம்.

அது அவள் சுபாவம். பால்காரர் ஊற்றிய பாலை மறுபடி அளப்பாள். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். சர்க்கரை நோய்க்காரரான கணவரைக்கூட விட்டதில்லை. கடைத்தெருவுக்குப் போய் வந்தால், இனிப்புத் தின்றாரா என்று வாயை ஊதச் சொல்வாள். சட்டைப் பையைத் துழாவுவாள்.

“சத்தியமாத் தொடல,” என்பார்.

ஒரு நாளும் பிடிபட்டதில்லை. இந்த ஊரில் அவள் நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

அவர் போய் எட்டு மாதமாகிறது. அன்று பூட்டிய அவருடைய அறையை அவள் திறக்கவே இல்லை. யார் குடிவந்தாலும் அந்த ஓர் அறை பூட்டியே கிடக்கும். அதைத் தொடாத ஆள்தான் அவளுக்கு வேண்டும். அதன் சாவி கொத்தில் இல்லை. கழுத்துச் சங்கிலியில், ஊக்கில் கோத்துத் தொங்கியது.

முதலில் வந்தவர் வீட்டுத் தரகர் லிங்கதுரை.

சாவிக்கொத்தைக் கொடுத்து, தனியாகவே சுற்றிப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். கார் நிற்கும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். திரும்பி வந்தவர் வீட்டை வாயாரப் புகழ்ந்தார்.

அவர் தலை மறைந்ததும் உள்ளே போய்க் குனிந்தாள்.

கதவு வரைக்கும் காலடி.

நினைத்தேன், என்று சொல்லிக்கொண்டாள். மாவைப் புதிதாகத் தூவினாள்.

அடுத்து, வீடு பராமரிக்கும் ஏதோ அலுவலகத்திலிருந்து ஒரு பையன். கழுத்தில் டை, கையில் டேப். “பூட்டியிருக்கிற ரூம் பக்கமே போகல மேடம்,” என்று அவனாகவே சொன்னான்.

கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்?

காலடியோடு இந்த முறை இரண்டு வட்டங்கள் இருந்தன. என்னவென்று முதலில் விளங்கவில்லை. அந்த இடத்திலேயே மண்டியிட்டுப் பார்த்தாள். கண் நேராகச் சாவித் துவாரத்துக்கு வந்தது.

படுபாவி. மறுபடியும் மாவைத் தூவினாள்.

மூன்றாவதாக எஸ்தர். ஐம்பதை நெருங்கியவள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் சிலருடைய வீடுகளைப் பார்த்துக்கொள்பவள். உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்ததும் வீட்டைப் புகழவும் இல்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மட்டும் சொன்னாள்.

எஸ்தரை இருக்கச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். குனிந்தாள்.

மாவே இல்லை.

தரை துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. மற்ற இரண்டு பேரும் தடத்தையாவது விட்டுப் போனார்கள். இவள் தடமே இல்லாமல் செய்திருக்கிறாள். பெரிய கைகாரி.

எஸ்தர் பின்னாலேயே வந்து நின்றாள்.

“எறும்பு வந்துட்டும்மா. அதான் தூத்துட்டேன்.” அடுக்களைக் கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டிய விளக்குமாறு, சுவரில் சாய்ந்திருந்தது.

நல்ல கதை.

தரையில் உட்கார்ந்து எறும்பைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை. பொய்யை முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டியதுதான் என்று நிமிரப் போனாள்.

ஓர் எறும்பு.

வாயில் வெள்ளையாக ஒரு துணுக்கு. அதன் பின்னால் இன்னொன்று. இரண்டும் கதவிடுக்கில் நுழைந்தன.

“வெளிய இருந்து வரல. உள்ள இருந்துல்லா வருது,” என்றாள் எஸ்தர்.

அவள் எழுந்து கழுத்துச் சங்கிலியைப் பிடித்தாள். பிறகு ஊக்கைக் கழற்றிக் கதவைத் திறந்தாள்.

எஸ்தர் வாசற்படியோடு நின்றுகொண்டாள்.

உள்ளே புழுக்க வாடை. கட்டிலுக்கடியில் அவருடைய செருப்பு. எறும்பு வரிசை சுவரேறி, அலமாரியில் இருந்த பழைய ரேடியோவுக்குள் போயிற்று. அவர் இருந்தவரை அவள் தினமும் துடைத்த ரேடியோ. பாட்டு நின்று பல வருடம் ஆகியும் தூக்கிப் போட விடமாட்டார்.

பின்பக்கப் பலகை தொட்டதும் கழன்று வந்தது.

கடலைமிட்டாய். பொட்டலம் பொட்டலமாக. எட்டு மாதமாக எறும்பு தின்றும் தீரவில்லை. பக்கத்தில், வாய் மணக்க ஒரு டப்பி கிராம்பு.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆள் எதிரே இருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

ஆள் இல்லையே என்று தோன்றியதும் அழுகை வந்தது. அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

“கூட்டிரட்டுமாம்மா?” எஸ்தர் இன்னும் படிக்கு வெளியேதான் நின்றாள்.

வேண்டாம் என்று தலையசைத்தாள். பொட்டலங்களை எடுக்கவில்லை. பலகையை இருந்தபடியே பொருத்தினாள். முந்தானையால் ரேடியோவைத் துடைத்தாள்.

வெளியே வந்து கதவைப் பூட்டினாள். அந்தச் சாவியைக் கொத்தில் கோத்து, எஸ்தரிடம் நீட்டினாள்.

“எறும்பு வந்தா மட்டும் தொறங்க.”