வெட்டுப்படாத தாள்கள்

ஸஜ்ஜாத்தின் மேசையில் துறைமுகத்துப் பின்னேர வெயில் விழுகிறது. எதிர்க் கதிரையில், போன மாதம் செத்துப்போன எழுத்தாளர் யோசேப்பின் மனைவி மக்டலின், அவருடைய நாவலுக்கு ஸஜ்ஜாத் எழுதிய மதிப்புரை வந்த பத்திரிகையை மடியில் வைத்திருக்கிறாள். “அழுதழுது வாசிச்சதெண்டு எழுதியிருக்கிறீங்கள், தம்பி. எங்கட மகன் டிலானைக் கடல் கொண்டுபோனதை அவர் எழுதின இடத்தை ஒருக்கா வாசியுங்கோ. எனக்குக் கண் மங்கல்.” முன்னுரையையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தே மதிப்புரை எழுதிப் பழகியவன் அவன். மேசையில் கிடக்கும் நாவலின் நடுத்தாள்கள் அச்சகத்தில் வெட்டுப்படாமல் இன்னும் ஓரம் ஒட்டியே இருக்கின்றன. பேனாக்கத்தியை மெல்ல நுழைத்து இழுக்கிறான். தாள் கிழியும் சத்தத்தில் அவள் முகம் நிமிர்கிறது. “அவரும் புதுப் புத்தகத்தை இப்பிடித்தான் வெட்டித் திறக்கிறவர்.” வெளியே கப்பலொன்று ஊதி ஓய்கிறது. பத்திரிகையை நாலாக மடிக்கிறாள். “சரி தம்பி, இப்ப எண்டாலும் வாசியுங்கோ.”