கோட்டுப் போட்ட ஏழை

“இந்தப் பொண்ணுக்கா உதவித்தொகை?” கதவு மூடியதும் மார்லீன் கேட்டாள். “அவ போட்டிருந்த கோட்டைப் பார்த்தீங்களா?”

நூலகத்தின் பின்னறையில் நேர்காணல். மகளிர் சங்கத் தலைவி மார்லீனும், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஓடிஸும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். தேர்வுக் குழுவின் மூன்றாவது உறுப்பினர் பல் டாக்டரிடம் போயிருந்தார். அவர் வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஊரிலுள்ள இரண்டு வருடக் கல்லூரியை முடித்துவிட்டு, மீதிப் படிப்புக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் ஏழை மாணவர் ஒருவருக்குச் சங்கம் வருடா வருடம் உதவி செய்யும். யாருக்கு என்பதை மார்லீன் சொல்வாள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

“மார்க்கெல்லாம் பிரமாதமா இருக்கே,” என்றார் ஓடிஸ். “அம்மாவும் பொண்ணும் பீச் பழத்தை டப்பாவுல அடைக்கிற ஃபேக்டரியில வேலை பார்க்கிறாங்க. ஃபீஸை அரசாங்கம் கட்டிடுது. தங்குற செலவுக்குத்தான் வழியில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள ஹாஸ்டலுக்கு முன்பணம் கட்டலைன்னா ரூம் போயிடும்கிறா. இங்கேருந்து தினமும் போயிட்டு வர்ற தூரமா அது? படிப்பே போயிடும்.”

“டப்பா அடைக்கிறவ உடம்புல அந்தக் கோட்டு எப்படி வந்துச்சு? அது எந்தக் கம்பெனின்னு எனக்குத் தெரியும். நானே அங்கதான் வாங்குறேன். நானே யோசிச்சு வாங்குற விலை.”

“நல்லா டிரஸ் பண்ணிட்டு வரணும்னு நாமதானே சொல்லி அனுப்பினோம்?”

“நல்லான்னா, துவைச்சு இஸ்திரி போட்டு. என் வீட்டு விருந்துக்கு வர்ற மாதிரி இல்ல. பேசிக்கிட்டிருக்கிறப்பவே ரெண்டு தடவை கோட்டுக் கையைத் தடவித் தடவிப் பார்த்துக்கிட்டா, கவனிச்சீங்களா? அவ்வளவு பெருமை.”

ஓடிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுத்துப் பேச முடியாதபோதெல்லாம் அவர் செய்கிற வேலை அது.

“காலைல வந்தானே ஒரு பையன், பிரெண்டன்,” என்று மார்லீன் தொடர்ந்தாள். “ரெண்டு முட்டியிலயும் ஜீன்ஸ் கிழிஞ்சு தொங்குச்சு. பார்த்ததும் எனக்குப் பாவமா போயிடுச்சு. கஷ்டம்னா அதுதாங்க கஷ்டம்.”

“அம்மா தாயே, இப்பல்லாம் கடையிலயே கிழிச்சுத்தான் விக்கிறாங்க.”

“நீங்க ஒண்ணு. என் கண்ணுக்குத் தெரியாதா?”

ஓடிஸுக்கு நியாயம் தெரியாமல் இல்லை. ஆனால் மதியம் ஒரு மணி ஆகியிருந்தது. மார்லீனிடம் வாதாடினால் சாயங்காலம் வரை இழுக்கும். “சரி, உங்க இஷ்டம்,” என்றவர், அவள் கொண்டுவந்திருந்த எலுமிச்சைக் கேக்கின் பக்கம் நாற்காலியை நகர்த்தினார். ஒரு பெண்ணின் படிப்பு அத்துடன் முடிவாகிவிட்டது.

எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள் என்பதில் மார்லீனுக்குத் தனிப் பெருமை. எழுந்து வெளியே போனாள்.

வராந்தா பெஞ்சில் அந்தப் பெண், யாரெலி, முதுகைச் சாய்க்காமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். மார்லீனைப் பார்த்ததும் மலர்ந்த முகத்தோடு எழுந்தாள்.

“உட்காரும்மா. இந்த வருஷம் உனக்கு இல்ல.”

அந்த மலர்ச்சி போன இடம் தெரியவில்லை. “அப்போ... வெள்ளிக்கிழமை...”

“ரூம் போயிடும்னு சொன்னே, கேட்டுக்கிட்டேன். நான் என்ன செய்ய? உன் நல்லதுக்கு ஒண்ணு சொல்றேன். அடுத்த தடவை எங்கேயாவது உதவி கேட்டுப் போனா, கஷ்டப்படுறவ மாதிரி போ. இப்படி ஒரு கோட்டை மாட்டிக்கிட்டு வந்து நின்னா யாரு நம்புவா?”

யாரெலி குனிந்து கோட்டைப் பார்த்தாள். அவள் அழவில்லை. குழம்பித்தான் போயிருந்தாள்.

“இது என்னோடது இல்லையே மேடம். சாயங்காலம் திருப்பிக் கொடுத்துடணும். கசங்கிடக் கூடாதேன்னு பயந்துகிட்டே இருக்கேன்.”

“யாருகிட்ட இரவல் வாங்கினே?”

“எங்க காலேஜ்ல ஒரு ரூம் நிறைய நல்ல டிரஸ் வச்சிருக்காங்க. இன்டர்வியூவுக்குப் போறவங்க எடுத்துப் போட்டுக்கலாம். ஊர்ல பெரிய மனசு உள்ளவங்க கொடுக்கிறது.”

சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியவள், மெல்லச் சொன்னாள்:

“இது தொங்கின இடத்துக்கு மேல உங்க போட்டோதான் மேடம் மாட்டியிருக்கு. பார்த்தா உங்களுக்கு சந்தோஷமா இருக்கும்னுதான், இதையே போட்டுக்கிட்டு வந்தேன்.”